ஆறு பெரியவர்கள், மூன்று குழந்தைகள், ஒரு கடல்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு எட்டு மாதம். அடுத்த மாதம் மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம் எல்லோருமாக ஒரு வெப்பமண்டலத் தீவுக்கு ஐந்து நாள் போகிறோம். கொழுந்தனார் மகளுக்கு ஆறு வயது. ‘பெரியவர்கள் ஆறு பேர் இருக்கிறோம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்ன கஷ்டம்?’ என்கிறார் கணவர். ‘கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கடற்கரைக்கா? அவள் நடக்க ஆரம்பித்த பிறகு போகலாமே’ என்கிறார் மாமியார். எனக்கு ஜெல்லிமீனை நினைத்தால்தான் பயம். மகளுக்கு சன்ஸ்கிரீன் போடலாமா? என்னென்ன மருந்து எடுத்துப் போக வேண்டும்? போகலாமா, தள்ளிப்போடலாமா?

பதில்: போய்விட்டு வாருங்கள். தள்ளிப்போடத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால், கடற்கரையைப் பொறுத்தவரை எட்டு மாதம் நல்ல வயது. தவழும் குழந்தையை ஒரு பாயில் வைத்துச் சமாளித்துவிடலாம். நடக்கக் கற்றுக்கொண்ட ஒன்றரை வயதுக் குழந்தை அலையைப் பார்த்ததும் நேராக அதற்குள்தான் ஓடும். மாமியாரிடம் இதை உங்கள் கருத்தாகச் சொல்ல வேண்டாம். டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

தீவின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதனால் எந்த வெப்பமண்டலத் தீவுக்கும் பொருந்துகிற மாதிரியே எழுதுகிறேன்.

ஜெல்லிமீனுக்கு அப்புறம் வருகிறேன். கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி வேறு: ‘பெரியவர்கள் ஆறு பேர் இருக்கிறோம்.’ ஆள் அதிகம் இருந்தால் காவல் அதிகம் என்று தோன்றும். தண்ணீர்ப் பக்கம் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. சித்தி பார்த்துக்கொள்கிறாள் என்று அம்மா நினைப்பார். அப்பா கூடத்தானே இருக்கிறார் என்று சித்தி நினைப்பார். அப்பாவோ எல்லோரையும் ஒரே படத்தில் அடக்க போனை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்திருப்பார். ஆறு பேரும் அங்கேதான் இருப்பார்கள், குழந்தை மேல் மட்டும் யார் கண்ணும் இருக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை. இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை சுற்றுலாவில் நடந்தவை இல்லை. வீட்டுப் பக்கத்துக் குளம், கிணறு, தொட்டி என்று அன்றாடம் புழங்கும் இடங்களில் நடந்தவை. ஆனால் சிறு குழந்தைகள் விஷயத்தில் நடக்கிற விதம் எங்கேயும் ஒன்றுதான். பெரியவர்களின் கவனம் கொஞ்ச நேரம் வேறு பக்கம் போயிருக்கும்.

மூழ்கும் குழந்தை கத்தும், கையை ஆட்டும், அந்தச் சத்தம் கேட்டு ஓடிப் போய்த் தூக்கிவிடலாம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். நிஜத்தில் சத்தமே வராது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்து வந்து அமிழும், கைகள் இரண்டும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுகிற மாதிரியே தெரியும். ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் இதுவும் நின்றுவிடும். உங்கள் மகன் வயதில் இந்த அளவு போராட்டம்கூட இருக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்போடு பார்த்தால் தலை கனம். கணுக்கால் தண்ணீரில் குப்புற விழுந்தவன், கால் புதைகிற மணலில் கை ஊன்றி எழுவதற்குள் அடுத்த அலை மேலே வந்துவிடும்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முறை வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருவர். பொறுப்பு கை மாறும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ‘இனிமேல் நான் பார்க்கிறேன், நீ போ.’ வெறும் தலையாட்டல் போதாது. சில குடும்பங்களில் ஒரு தொப்பியை இதற்கென்றே ஒதுக்கிவிடுகிறார்கள். தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவருக்கு அந்த இருபது நிமிடம் போன் கிடையாது, புத்தகம் கிடையாது, அரட்டை கிடையாது. முதல் நாள் கேலியாகத்தான் இருக்கும், அப்புறம் பழகிவிடும். மது குடித்தவருக்கு அன்றைக்குத் தொப்பி இல்லை.

குழந்தைகள் தண்ணீருக்குள் இறங்கும் நேரத்தில் இந்த ஏற்பாடுகூடப் போதாது. நீச்சல் தெரியாத பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில், தானும் தண்ணீரில் நிற்க வேண்டும். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ‘ரொம்ப தூரம் போகாதே’ என்று குரல் கொடுப்பது காவல் ஆகாது. தாத்தா பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மணலில் நாலடி ஓடி, ஈரத்தில் வழுக்குகிற குழந்தையை அலைக்குள்ளிருந்து தூக்க அவர்களால் முடியுமா என்று நீங்களே மனசுக்குள் கேட்டுப் பாருங்கள். முடியாது என்று தோன்றினால் நிழலில் கைக்குழந்தையைப் பார்க்கிற வேலையை அவர்களிடம் கொடுங்கள். அதுவும் சின்ன வேலை இல்லை. ஆக, ஆறு பேர் என்பது தண்ணீர்ப் பக்கம் நான்கு பேர்தான்.

கையில் மாட்டுகிற காற்றடைத்த பட்டை, வாத்து மிதவை இதெல்லாம் விளையாட்டுச் சாமான்கள். கழன்றுவிடும், கவிழ்ந்துவிடும், காற்றடித்தால் பிள்ளையோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். படகில் போகும்போது குழந்தையின் எடைக்கு ஏற்ற, கால் இடுக்கு வழியாகப் பட்டை மாட்டுகிற லைஃப் ஜாக்கெட் வேண்டும். பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு இறுக்கிக் கட்டிவிட்டாலும் அதற்குள்ளிருந்து நழுவிவிடும். நீச்சல் உடை வாங்குவதாக இருந்தால் நீலமும் வெள்ளையும் வேண்டாம், தண்ணீருக்குள் போனால் கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, அடர் ரோஸ் மாதிரி எடுங்கள்.

குளிக்கும் நேரத்தில்கூட ஓரளவு எல்லோரும் உஷாராகத்தான் இருப்பார்கள். நழுவுகிற நேரங்கள் வேறு. அறைக்கு வந்து சேர்ந்த முதல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறக்கிறோம், ஏசி வேலை செய்கிறதா பார்க்கிறோம், யாருக்கு எந்தக் கட்டில் என்று பேசுகிறோம். கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது, நான்கு வயதுக்காரன் வெளியே வந்து நீச்சல் குளத்தின் விளிம்பில் நிற்கிறான். அதே மாதிரிதான் குளித்து முடித்து சாமான்களை மூட்டை கட்டும் நேரமும். அறை எடுக்கும்போதே கேளுங்கள்: குளத்தைச் சுற்றி வேலி உண்டா, கேட் தானாகச் சாத்திக்கொள்ளுமா, அறைக் கதவின் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா? வாசலைத் தாண்டினால் குளம் என்கிற அறை, படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த வயதுப் பிள்ளைகளோடு போகும்போது வேண்டாம் என்பேன்.

கடலில் இன்னொன்று இருக்கிறது, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு குறுகிய வழியைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை கொஞ்சம் கருநீலமாக, அமைதியாகத் தெரியும். பிள்ளைகளோடு வருபவர்கள் அலை குறைவாக இருக்கிறதே என்று சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். தண்ணீரில் கால் வைக்கும் முன் ஐந்து நிமிடம் மேட்டில் நின்று கடலைப் பாருங்கள். நுரையும் குப்பையும் எங்கே கடலை நோக்கிப் போகிறதோ அந்த இடம் வேண்டாம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர் நீச்சல் போடக் கூடாது, அதில்தான் ஆள் களைத்துப் போகிறார். மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலக வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையாகத் தேர்ந்தெடுங்கள். பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்கலாம் என்பது விதி. தனிச் சிவப்பு பறந்தால் அன்றைக்கு மணல் விளையாட்டுதான்.

மணல் விளையாட்டிலும் ஒரு எச்சரிக்கை, பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆழமாகக் குழி தோண்டி அதற்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள். உலர்ந்த மணல் பக்கவாட்டில் சரிந்து மூடினால் பக்கத்தில் நிற்பவராலும் சட்டென்று வெளியே எடுக்க முடியாது. தோண்டுவது பிள்ளையின் முழங்கால் ஆழத்தோடு நிற்கட்டும், கிளம்பும்போது மூடிவிட்டு வாருங்கள்.

சரி, வெயிலுக்கு வருவோம். நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவுகளில் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு நடுப்பகலில் 11-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேல் வகையே கிடையாது. மெல்லிய மேகத்தைத் துளைத்துக்கொண்டு இந்தக் கதிர் வரும், மணலிலும் நுரையிலும் பட்டு எதிரொளித்துக் குடைக்கு அடியிலும் வரும். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. மகனின் நிழல் அவனைவிடக் குட்டையாகிவிட்டால் உள்ளே போகும் நேரம். காலையில் ஒன்பதரை, பத்து மணிவரை கடல். அப்புறம் குளியல், சாப்பாடு, தூக்கம். மறுபடி நான்கு மணிக்கு மேல். பகல் நடுவே இப்படி வெட்டியாகப் போகிறதே என்று கணவர் புலம்பலாம். தூக்கம் கெட்ட நான்கு வயதுப் பிள்ளையோடு ஒரு சாயங்காலம் கழித்துவிட்டால் அவரே இந்த அட்டவணைக்கு வந்துவிடுவார்.

முதல் பாதுகாப்பு நிழல், அடுத்தது துணி, சன்ஸ்கிரீன் மூன்றாவதுதான். முழுக்கை நீச்சல் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி இரண்டும் இருந்தால் பூச வேண்டிய இடமே பாதியாகிவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு சன்ஸ்கிரீன் பொதுவாக வேண்டாம் என்போம், அவர்களை நேர் வெயிலுக்கே கொண்டுவரக் கூடாது. உங்கள் மகளுக்குப் போடலாம். ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு உள்ளது, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாதது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கையின் உட்புறம் கொஞ்சம் தடவித் தடிப்பு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். காது மடலையும் பாதத்தின் மேல்பகுதியையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ‘கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். கறுத்த தோலுக்கு இயற்கையான பாதுகாப்பு கொஞ்சம் உண்டு என்பது சரிதான். ஆனால் அதுவும் வெந்து உரியும். இன்னொன்று, பசிபிக் கடலில் இருக்கும் பலாவ் 2020-லிருந்தும் ஹவாய் 2021-லிருந்தும் பவளப்பாறைகளைக் காக்கச் சில ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையைத் தடை செய்திருக்கின்றன. நீங்கள் போகும் இடத்திலும் அப்படி விதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜிங்க் ஆக்சைடு வகைக்கு அங்கெல்லாம் தடையில்லை.

கைக்குழந்தைக்கு வெயிலைவிட வெக்கைதான் எதிரி. தள்ளுவண்டியில் படுக்க வைத்து, வெயில் படக்கூடாதென்று மேலே துணியைப் போர்த்திவிடுவார்கள். உள்ளே காற்று போகாமல் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். துணி வேண்டாம், வண்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். தென்னை மர நிழல் மட்டும் வேண்டாம். தேங்காய் விழும் நேரத்தைச் சொல்லிவிட்டு விழுவதில்லை. தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், இடையில் காய்ச்சி ஆறிய தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஆறு மணி நேரமாக டயபர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது உங்கள் ஜெல்லிமீன். பயம் நியாயம்தான், ஆனால் பெரும்பாலான கொட்டல்கள் வலியோடு போய்விடும். தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவந்து, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்து, கடல்நீரில் அலசுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கக் கூடாது, சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். பெட்டி ஜெல்லிமீன் உள்ள கடல் என்றால் முதலில் வினிகர், கூடவே அவசர உதவிக்கு அழைப்பு. அது உயிரையே எடுக்கக்கூடியது, சின்ன உடம்பில் விஷம் சீக்கிரம் வேலை செய்யும். எந்த வகை அங்கே உண்டு, எந்த மாதத்தில் வரும் என்பது உயிர்காப்பாளருக்குத் தெரிந்திருக்கும். முதல் நாளே கேட்டுவிடுங்கள். மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம், உடம்பில் பெரிய பரப்பில் தடம் என்றால் எந்த வகையாக இருந்தாலும் மருத்துவமனைதான்.

ஆறு வயதுக்காரிக்குக் கிளிஞ்சல் பொறுக்கப் பிடிக்கும் இல்லையா? அவளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். கூம்பு வடிவில், சித்திரம் வரைந்தது மாதிரி அழகாக ஒரு சங்கு இருக்கும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் அதிகம். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசியால் குத்தும், சில வகை ஆளையே கொன்றுவிடும். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் துணி வழியாகவும் குத்தும். காலி ஓடு என்று பெரியவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். கால்களுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். மிதித்தால் காலில் முள் ஏறும் கடல் முள்ளெலிக்கும் ஆகும், நாய் பூனை அசுத்தம் செய்த மணலிலிருந்து தோலுக்குள் ஏறும் கொக்கிப்புழு லார்வாவுக்கும் ஆகும்.

கொசு விஷயம் சுருக்கமாக: டெங்கு கொசு பகலில் கடிக்கும், எனவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு டீட் என்ற ரசாயனம் 30 சதவீதம் வரை கலந்த கொசு விரட்டி பூசலாம், ஆனால் விரலைச் சப்பும் கையில் வேண்டாம். முதலில் சன்ஸ்கிரீன், அது உலர்ந்த பிறகு கொசு விரட்டி. மலேரியா உள்ள தீவு என்றால் கிளம்புவதற்கு நான்கு வாரம் முன்பே உங்கள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். தடுப்பூசி அட்டையையும் அப்போதே கையோடு எடுத்துப் போங்கள்.

மருந்துப் பை கனமாக இருக்கத் தேவையில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள்தான் முதல் இடம். எவ்வளவு தண்ணீர் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கிறதோ அவ்வளவில், சுத்தமான தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். பாதிப் பொட்டலம், கால் டம்ளர் என்று கணக்கு போட வேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும், பெரியவர்களுக்கான மாத்திரை எந்தக் காரணத்துக்காகவும் குழந்தைக்கு வேண்டாம். அடுத்தது பாராசிட்டமால், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் அடர்த்தி பெரும்பாலும் வேறாக இருக்கும். அதனால் இரண்டு குழந்தைகளையும் எடை பார்த்து, ‘இந்தப் பாட்டிலில் இவளுக்கு இத்தனை மில்லி’ என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டைப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். நடுராத்திரியில் யார் எடுத்தாலும் தப்பு வராது. தெர்மாமீட்டர், இடுக்கி, பிளாஸ்டர், வினிகர் ஒரு சின்னப் பாட்டில், வழக்கமாகக் கொடுக்கும் மருந்து ஏதாவது இருந்தால் அது. இவ்வளவுதான்.

விமானம் இறங்கும்போது மகளுக்குப் பால் கொடுத்தால் காது வலி குறையும். படகில் நடுப்பகுதியில் உட்காருங்கள், மகனைத் தூரத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்துப் பையைவிட உதவுவது ஒரு சாயங்காலப் பயிற்சி. கிளம்புவதற்குள் நீங்களும் கணவரும் குழந்தைகளுக்கான சிபிஆர், அதாவது மூச்சு நின்றவருக்கு மூச்சு கொடுத்து நெஞ்சை அழுத்தும் முதலுதவி, கற்றுக்கொள்ளுங்கள். மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் இன்னும் நடக்கிறது. இரண்டுமே கெடுதல், நேரமும் வீண். மூச்சு இல்லை என்றால் முதலில் வேண்டியது மூச்சு கொடுப்பது, ஐந்து முறை, அப்புறம் நெஞ்சை அழுத்துவது. இன்னொருவர் அந்நேரமே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தூக்கியதும் நன்றாக அழுது சமாளித்துவிட்ட பிள்ளையையும் அடுத்த சில மணி நேரம் கண் வைத்திருங்கள். இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, அசாதாரணமாகத் தூங்கி வழிகிறது என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

அறைக்குப் பணம் கட்டும் முன் விடுதிக்கு ஒரு போன் போட்டு, குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனை தீவிலேயே இருக்கிறதா, இல்லையென்றால் இருட்டிய பிறகும் கடல் கொந்தளிக்கும்போதும் அங்கே போக வழி என்ன என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் வேறு தீவு பாருங்கள்.

திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் குழந்தைகளில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஐபுபுரோஃபென் வேண்டாம். மலேரியா சில சமயம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தாமதித்தும் தலைகாட்டும். அதனால் அதற்குப் பிறகு வரும் காய்ச்சலானாலும், டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல், எந்தத் தீவுக்குப் போனீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.